ஹார்மனி சாவரின் எச்1260: பார்த்து வாங்குவதும் அதன் குரலை வெளியே கொண்டுவருவதும்

பழைய கிட்டார் வாங்கலாம் என்று தேட ஆரம்பிக்கிறவர்கள் மார்ட்டின், கிப்சன் என்ற இரண்டு பெயர்களைத்தான் முதலில் தட்டுகிறார்கள், விலையைப் பார்த்ததும் தேடலையே விட்டுவிடுகிறார்கள். அவர்களிடம் நான் சொல்லும் பெயர் ஹார்மனி சாவரின் எச்1260. 1950களின் இறுதியில் ஆரம்பித்து 1960கள் முழுக்க சிகாகோவில் செய்தது. பெரிய உடம்பு, அகலமான இடத்தில் 16 அங்குலம். மேல்பலகை ஸ்ப்ரூஸ், பின்பலகையும் பக்கப்பலகையும் மஹோகனி, எதிலும் பிளைவுட் கிடையாது, எல்லாம் முழு மரம். இதே மரங்களில் அதே காலத்தில் பெரிய பெயர்கள் செய்தவற்றின் விலையோடு ஒப்பிட்டால் இது இன்றும் மலிவுதான். அந்த மலிவுக்குக் காரணம் இருக்கிறது. அது புரிந்தால்தான் கைக்கு வருவது நல்ல கிட்டாரா, பணத்தைத் தின்னும் மரப்பெட்டியா என்று பிரிக்க முடியும்.

ஹார்மனி 1892இல் வில்ஹெல்ம் ஷுல்ட்ஸ் சிகாகோவில் தொடங்கிய கம்பெனி. 1916இல் சியர்ஸ் என்ற அமெரிக்கச் சில்லறை விற்பனைக் கம்பெனி அதை வாங்கியது, 1940இல் கை மாறியது, 1975இல் மூடிவிட்டார்கள். அதன் நல்ல காலத்தில் அமெரிக்காவில் அதிக எண்ணிக்கையில் கிட்டார் செய்தவர்கள் இவர்கள்தான், சியர்ஸ் கடைகளில் சில்வர்டோன் என்ற பெயரில் விற்றதிலும் ஒரு பெரும்பகுதி இவர்கள் செய்தது. பிள்ளைக்கு முதல் கிட்டார் வாங்கித் தரும் குடும்பங்களுக்காகச் செய்தார்கள், அதனால் வேகமாகவும் சிக்கனமாகவும் செய்தார்கள். ஆனால் சாவரின் வரிசையில் சிக்கனம் பிடித்தது மரத்தில் இல்லை, வேலையில். மேல்பலகைக்கு உள்ளே ஒட்டும் சட்டங்களை எளிமையாக வைத்தார்கள். இந்தக் கிட்டாரைப் பற்றிய எல்லாப் பேச்சும் கடைசியில் அந்தச் சட்டங்களில்தான் வந்து நிற்கும்.

மார்ட்டின் மாதிரி கிட்டார்களில் சவுண்ட் ஹோலுக்குக் கீழே இரண்டு நீளச் சட்டங்கள் எக்ஸ் வடிவில் ஒன்றையொன்று வெட்டிப் போகும். எச்1260இல் அப்படி இல்லை. ஏணிப்படி போல, கம்பிகளுக்குக் குறுக்காக, ஒன்றுக்கொன்று இணையாகச் சட்டங்கள் இருக்கும். லேடர் பிரேசிங் என்று சொல்வது இதைத்தான். ஒட்டுவது சுலபம், நேரம் மிச்சம். சத்தத்தில் இது என்ன செய்கிறது என்றால், கம்பியைத் தட்டியதும் ஸ்வரம் சட்டென்று பாய்ந்து வரும், வந்த வேகத்திலேயே அடங்கியும் விடும். எக்ஸ் சட்டம் உள்ள பெரிய கிட்டாரில் தடித்த கம்பியைத் தட்டினால் அடியில் ஒரு முழக்கம் நீண்டு நிற்கும், அதன் மேல் மற்ற கம்பிகள் மிதக்கும். சாவரினில் அந்த முழக்கம் குறைவு. நடுச்சுருதி முன்னால் நிற்கும், ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாக, ஈரமில்லாமல், கொஞ்சம் கரகரப்போடு கேட்கும். உடம்பின் அளவைப் பார்த்துவிட்டு பெரிய பேஸ் வரும் என்று எதிர்பார்த்து முதல் முறை வாசிக்கிறவர்கள் ஏமாந்து போவது இதனால்தான். விரலால் வாசிக்கும் ப்ளூஸ், கட்டைவிரல் இரண்டு கம்பிகளுக்கு நடுவே மாறி மாறிப் போய்வரும் பழைய அமெரிக்கத் தென்மாநில வாசிப்பு, கம்பிகளின் மேல் குழாயை வழுக்கி வாசிக்கும் ஸ்லைடு, இதற்கெல்லாம் இந்தக் குரல் அப்படிப் பொருந்துகிறது. கட்டைவிரலின் பேஸ் அடுத்த அடிக்கு முன்னால் அடங்கிவிடுவதால் தாளம் கலங்காது.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. லேடர் பிரேசிங் என்றாலே குறைபாடு என்று ஒரு கருத்து ஓடிக்கொண்டே இருக்கிறது. குறைபாடு இல்லை, அது வேறு ஒரு குரல். லெட் செப்பலின் ராக் குழுவின் ஜிம்மி பேஜ் தன் பெயர் உச்சத்தில் இருந்தபோது, எந்தக் கிட்டார் வேண்டுமானாலும் வாங்க முடிந்த நிலையில், மூன்றாவது ஆல்பம் உருவான நாட்களில் வைத்து வாசித்தது ஒரு எச்1260தான்.

சரி, ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது, எப்படிப் பார்ப்பது?

முதலில் அது எச்1260தானா என்று உறுதி செய்யுங்கள். சவுண்ட் ஹோல் வழியாக டார்ச் அடித்தால் பின்பலகையின் உட்புறத்தில் மை முத்திரை தெரியும். சில எண்கள், அதை ஒட்டி எச்1260 என்ற மாடல் எண், இப்படி ஒரே தொடராக இருக்கும். இன்னொரு முத்திரையில் எஸ் அல்லது எஃப் என்ற எழுத்தும் ஆண்டின் கடைசி இரண்டு எண்களும் இருக்கும், 64 என்றால் 1964. மை மங்கிப் போயிருக்கலாம், செல்போனை வீடியோவில் வைத்து உள்ளே விட்டுத் திருப்பினால் கண்ணால் பார்ப்பதைவிட நன்றாகத் தெரியும். சாவரின் என்ற பெயர் மட்டும் தலையில் இருப்பதை நம்பி வாங்காதீர்கள், ஏனென்றால் எச்1203 என்ற சின்ன உடம்புக் கிட்டாரும் சாவரின்தான். அதுவும் அருமையான கிட்டார், மடியில் சுகமாக உட்காரும், சொல்லப்போனால் விரல் வாசிப்புக்கு மட்டும் என்றால் நான் எச்1203ஐத்தான் எடுக்கச் சொல்வேன். ஆனால் பெரியதைத் தேடிப் போய்ச் சிறியதை வாங்கி வரக் கூடாது.

அடுத்து நெக்கின், அதாவது கிட்டாரின் நீளக் கழுத்தின், கோணம். மற்ற எதைப் பார்க்க மறந்தாலும் இதை மறக்காதீர்கள். 12 எண் கம்பி செட் (மிக மெல்லிய கம்பியின் தடிமன் ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் 12 பங்கு) போட்டு சரியான சுருதியில் வைத்தால் ஆறு கம்பிகளும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுக்கும். 60 வருடம் அப்படி இழுத்தால் எந்தக் கிட்டாரும் கொஞ்சம் மடங்கத்தான் செய்யும். உடம்போடு நெக் சேரும் இடம் முன்பக்கமாகச் சாயும், நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கோடுகளான ஃப்ரெட்டுகளிலிருந்து கம்பிகள் எழும்பும், வாசிக்கக் கை வலிக்கும். இரண்டடி நீள இரும்பு அளவுகோல் ஒன்றை எடுத்துக்கொண்டு போங்கள். கம்பிகள் சுருதியில் இருக்கும்போதே ஃப்ரெட்டுகளின் மேல் நடுவாக வைத்து, மேல்பலகையில் கம்பிகளைப் பிடித்திருக்கும் கட்டையான பிரிட்ஜ் வரை நீட்டுங்கள். அளவுகோலின் முனை பிரிட்ஜ் கட்டையின் மேல் விளிம்பில் லேசாக உட்கார வேண்டும், அல்லது மயிரிழை மேலே போக வேண்டும். கட்டையின் முகத்தில், மேல் விளிம்புக்குக் கீழே, போய் முட்டினால் நெக்கைக் கழற்றி மறுபடி கோணம் வெட்டிப் பொருத்த வேண்டும். நெக் ரீசெட் என்பார்கள். பதினைந்தாவது ஃப்ரெட்டைப் பிடுங்கி, அந்தப் பள்ளத்தில் துளையிட்டு, நீராவி விட்டுப் பசையை இளக்கி, நெக்கை மேலே தூக்கி எடுத்துச் செய்யும் வேலை. தெரிந்தவர் செய்தால் கிட்டாருக்கு மறுபிறவி, ஆனால் செலவு சில சமயம் கிட்டார் விலைக்கே வந்துவிடும். அதனால் விலை பேசும்போதே அதைக் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

நேரில் போக முடியாமல் படம் பார்த்து வாங்குகிறீர்கள் என்றால் விற்பவரிடம் இரண்டு படங்கள் கேளுங்கள். ஒன்று, பிரிட்ஜைப் பக்கவாட்டில் கீழ்மட்டத்திலிருந்து எடுத்தது, கம்பிகள் உட்காரும் மெல்லிய பட்டையான சாடில் கட்டைக்கு மேல் எவ்வளவு எழும்பி நிற்கிறது என்று தெரிய வேண்டும். இன்னொன்று, 12ஆவது ஃப்ரெட்டில் தடித்த கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே அளவுகோல் வைத்து எடுத்தது. சாடில் 3 மில்லிமீட்டர் எழும்பி நின்று, 12ஆவது ஃப்ரெட்டில் தடித்த கம்பி இரண்டரை மில்லிமீட்டர் உயரத்தில் இருந்தால் அது நல்ல கிட்டார், தயங்க வேண்டாம். சாடில் கட்டையோடு கட்டையாகப் படுத்திருக்கிறது, கம்பி உயரமோ 4 மில்லிமீட்டர் என்றால் இறக்குவதற்கு அங்கே ஒன்றுமே மிச்சம் இல்லை. கணக்கு எளிது: 12ஆவது ஃப்ரெட்டில் 1 மில்லிமீட்டர் இறங்க வேண்டும் என்றால் சாடிலில் 2 மில்லிமீட்டர் குறைக்க வேண்டும்.

இதில் என்னை ஒரு முறை ஏமாற்றிய விஷயம் ஒன்று உண்டு. விற்றவர் முன்பக்கப் படம் மட்டும் அனுப்பினார், ஃப்ரெட்டுக்கு மேல் கம்பி நிற்கும் உயரம், அதாவது ஆக்‌ஷன் நன்றாக இறங்கியிருக்கிறது, வாசிக்க சுகம் என்றார். வந்து சேர்ந்ததும் வாசித்தேன், உண்மையிலேயே சுகமாக இருந்தது, ஆனால் சத்தம் மட்டும் துணி போர்த்தியது போல இருந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் பிரிட்ஜைக் கூர்ந்து பார்த்தேன். யாரோ எப்போதோ நெக் ரீசெட்டுக்குச் செலவு செய்ய மனமில்லாமல் பிரிட்ஜ் கட்டையையே இழைத்துப் பாதியாக்கியிருந்தார்கள். சாடில் தாழ்ந்துபோனதால் கம்பிகள் அதன் மேல் மடியும் கோணமும் போய்விட்டது, கம்பியின் அசைவு பலகைக்கு முழுதாக இறங்கவில்லை. புதுக் கட்டை செய்து ஒட்டி, நெக்கையும் கழற்றிப் பூட்டிய பிறகுதான் அந்தக் கிட்டார் வாயைத் திறந்தது. அதனால் கட்டையின் ஓரங்களைப் பாருங்கள், கம்பெனியில் வந்த வழுவழுப்பான வளைவு இருக்கிறதா அல்லது உப்புத்தாள் கீறலும் தட்டையான வெட்டும் தெரிகிறதா என்று.

பிரிட்ஜைப் பார்க்கும்போதே அதில் இரண்டு வெள்ளைப் புள்ளிகள் இருக்கின்றனவா என்று கவனியுங்கள். அவற்றுக்கு அடியில் போல்ட் இருக்கும், கட்டையைப் பலகையோடு சேர்த்துப் பிடிக்க கம்பெனியே போட்டது. கட்டைக்குப் பின்னால் பலகை மேடு தட்டியிருக்கும், முன்னால் லேசாகக் குழிந்திருக்கும். ஏணிச் சட்டத்தில் நீளவாக்குத் தாங்கல் குறைவு என்பதால் இது ஓரளவுக்கு எல்லா எச்1260இலும் உண்டு, பயப்பட வேண்டாம். மேடு கண்ணில் அடிக்கும் அளவுக்கு இருந்தால்தான் உள்ளே சட்டம் பசை விட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கம்பிகளைக் கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு மேல்பலகையை விரல் முட்டியால் அங்கங்கே தட்டுங்கள். இளநீர் வாங்கும்போது தட்டிப் பார்ப்பது மாதிரிதான், ஒட்டியிருக்கும் இடம் திண்ணென்று ஒலிக்கும், விட்ட இடம் சளசளக்கும். பின்பலகையையும் அப்படியே தட்டுங்கள். விட்டுப்போன சட்டத்தைத் திரும்ப ஒட்டுவது பெரிய செலவில்லை, வஜ்ஜிரம் (விலங்குத் தோல் பசை) காய்ச்சி ஒட்டத் தெரிந்த ஆளிடம் கொடுத்தால் இன்னும் நல்லது, நாளைக்கு வேறு வேலை வந்தால் சூடு காட்டிப் பிரித்துவிடலாம்.

நெக்கின் தலையில் இரும்புத் தண்டு உள்ளே வைத்தது என்ற பொருளில் வாசகம் இருந்தால் அந்தத் தண்டைத் திருகிச் சரிசெய்ய முடியாது, உள்ளே சும்மா கிடக்கும். பின்னால் வந்த சிலவற்றில் திருகக்கூடிய தண்டு உண்டு. எதுவாக இருந்தாலும் தடித்த கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் பதினான்காவதிலும் அமுக்கி, நடுவில் ஆறேழாவது ஃப்ரெட் பக்கம் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள், கெட்டியான காகிதம் ஒன்று நுழையும் அளவு போதும். ஒரு மில்லிமீட்டர் தெரிந்தால் நெக் வில்லாக வளைந்திருக்கிறது, திருக முடியாத நெக் என்றால் அதைத் தொடாதீர்கள். ஃப்ரெட் தேய்ந்திருப்பது, டியூனர் கெட்டியாக இருப்பது, வார்னிஷ் உரிந்திருப்பது இதெல்லாம் சில்லறை வேலை. டியூனருக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டாலே பாதிக் குறை போய்விடும். வார்னிஷை மட்டும் புதுசாக அடிக்காதீர்கள், தயவுசெய்து.

எக்ஸ் சட்டமாக மாற்றுவது பற்றி. அமெரிக்காவில் பழைய ஹார்மனியை வாங்கி, பின்பலகையைக் கழற்றி, ஏணிச் சட்டங்களைப் பெயர்த்துவிட்டு எக்ஸ் சட்டம் ஒட்டித் தருகிற கைவினைஞர்கள் இருக்கிறார்கள். நான் அப்படி மாற்றியவற்றையும் வாசித்திருக்கிறேன், நன்றாகவே இருக்கின்றன, பேஸ் திறந்துவிடுகிறது, மரம் நல்ல மரம் என்பது அப்போது தெரிகிறது. ஆனால் அந்தக் குரல் வேறு பத்துக் கிட்டார்களில் கிடைக்கும். ஏற்கெனவே யாரோ சட்டத்தைக் குலைத்து வைத்திருந்தால் மாற்றலாம், அதில் எனக்கு மறுப்பில்லை. சட்டம் சுத்தமாக இருக்கிற 60 வருடக் கிட்டாரைத் திறப்பது என்னால் ஏற்க முடியாத வேலை. முதலில் ஆறு மாதம் அப்படியே வாசித்துப் பாருங்கள், அப்புறம் முடிவெடுங்கள்.

அந்த ஆறு மாதம் எப்படி வாசிப்பது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. 13 எண் கம்பி போடாதீர்கள். 12 தாங்கும், ஆனால் நான் 11தான் போடுகிறேன், இழுவை ஏழெட்டு கிலோ குறைகிறது, மேல்பலகை இன்னும் லேசாக அசைகிறது, இந்தக் கிட்டாருக்கு அது கேட்கவும் நன்றாக இருக்கிறது. கம்பியின் உலோகமும் முக்கியம். புதுப் பளபளப்பான 80/20 பிரான்ஸ் போட்டால் மேல்ஸ்தாயி காதைக் குத்தும், இரண்டு வாரம் வாசித்துப் பழசானதும்தான் சரியாகும். பாஸ்பர் பிரான்ஸ் கொஞ்சம் வெதுவெதுப்பு. எனக்குக் கிடைத்ததில் சிறந்தது மோனல் என்ற நிக்கல் கலவைக் கம்பி, அதில் பளபளப்பு குறைவு, சாவரினின் நடுச்சுருதிக் கரகரப்பு அப்படியே எழுந்து நிற்கிறது. சாடில் பிளாஸ்டிக்காக இருந்தால் எலும்புக்கு மாற்றுங்கள், இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு வித்தியாசம் தரும் மாற்றம் வேறு இல்லை.

சுருதியை ஒரு ஸ்வரம், அதாவது இரண்டு ஃப்ரெட் அளவு, இறக்கி வைத்தால் இழுவை ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். நெக் கோணம் கொஞ்சம் சந்தேகமாக இருக்கும் கிட்டாரை நான் அப்படித்தான் வைத்துக்கொள்வேன், தேவைப்பட்டால் இரண்டாவது ஃப்ரெட்டில் எல்லாக் கம்பிகளையும் அமுக்கிப் பிடிக்கும் கேப்போ போட்டுக்கொள்ளலாம். இல்லையென்றால் ஓப்பன் டி வையுங்கள்: தடித்த கம்பியிலிருந்து வரிசையாக டி, ஏ, டி, எஃப் ஷார்ப், ஏ, டி. நான்கு கம்பிகள் இறங்குகின்றன, எதுவும் ஏறவில்லை, கிட்டாருக்கும் ஓய்வு. இந்தச் சுருதியில் ஸ்லைடு வைத்து முதல் கம்பியில் ஒரு ஸ்வரத்தை இழுத்துப் பாருங்கள், எக்ஸ் சட்டக் கிட்டாரில் அது பாடும், சாவரினில் அது பேசும். நான் முதல் முறை அதைக் கேட்டபோது கிட்டாரைக் கீழே வைக்க மனம் வரவில்லை.

ஸ்ட்ரம் செய்கிறவர்கள் பிக்கைக் கொஞ்சம் மெல்லியதாக எடுங்கள், அடியைக் குறையுங்கள். பெரிய உடம்பு என்று ஓங்கி அடித்தால் ஒரு எல்லைக்கு மேல் சத்தம் கூடாது, கலங்க மட்டும் செய்யும். பிரிட்ஜ் பக்கம் போகாமல் சவுண்ட் ஹோலின் மேலேயே, நெக் பக்கமாக வாசித்தால் குறைவாக உள்ள அந்த அடிச்சுருதி கொஞ்சம் வெளியே வரும். விரலில் நகம் வைத்து வாசிக்கிறவர்கள் சதையும் நகமும் சேர்த்துத் தொடுங்கள். பதிவு செய்யும்போது இந்தக் கிட்டார் ரொம்பவே உதவுகிறது, முழக்கம் இல்லாததால் மைக்கை வழக்கமாக வைக்கும் பன்னிரண்டாவது ஃப்ரெட் பக்கத்திலிருந்து இன்னும் உள்ளே, சவுண்ட் ஹோலை நோக்கி நகர்த்தலாம், ஓரடிக்கும் குறைவான தூரத்திலேயே வைக்கலாம். பாடுகிற குரலோடு அது மோதாது, அதற்கென்று தனி இடம் எடுத்துக்கொண்டு நிற்கும்.

அமெரிக்காவில் வாங்கி ஊருக்குக் கொண்டுபோக நினைப்பவர்களுக்கு இரண்டு விஷயம். பழைய ஹார்மனிகள் பலவற்றில் ஃபிங்கர்போர்டும் பிரிட்ஜும் பிரேசில் ரோஸ்வுட். அந்த மரம் 1992 முதல் சர்வதேச வனஉயிர் வணிக ஒப்பந்தத்தின் மிகக் கடுமையான பட்டியலில் இருக்கிறது. மற்ற ரோஸ்வுட்டில் செய்த இசைக்கருவிகளுக்கு 2019 இறுதியில் விலக்கு கிடைத்தது, பிரேசில் ரோஸ்வுட்டுக்குக் கிடைக்கவில்லை. அதனால் விமானத்தில் ஏற்றுவதற்கு முன் மரம் எது என்று தெரிந்த ஒருவரிடம் காட்டி, என்ன காகிதம் வேண்டும் என்று இரண்டு நாட்டு விதிகளையும் பார்த்துவிடுங்கள். இரண்டாவது, காற்றின் ஈரப்பதம். கிட்டாருக்குப் பிடித்தது 45 முதல் 55 சதவீதம். குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் அறையில் அது பாதிக்கும் கீழே போகும், பலகை காய்ந்து வெடிக்கும். சென்னை மாதிரி கடலோர ஊரில் நேர்மாறு, பலகை ஈரம் குடித்து உப்பும், ஆக்‌ஷன் ஏறும், ஏற்கெனவே மேடு தட்டும் இயல்புள்ள ஏணிச் சட்டத்துக்கு அது ஆகாது. சுவரில் மாட்டி வைக்காமல் கெட்டியான பெட்டிக்குள், சிலிக்கா ஜெல் பைகளோடும் சின்ன ஈரப்பத மீட்டரோடும் வையுங்கள், பல நாள் வாசிக்கப் போவதில்லை என்றால் கம்பிகளை இரண்டு ஃப்ரெட் அளவுக்கு இறக்கிவிட்டு மூடுங்கள்.